சிறுவீடும் மாலையும்: தொண்டை நாட்டில் ஆநிரை வெயில் காத்த முறை

முல்லைத் திணைக்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும் மாலையைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியர் வகுத்தார். இவ்வகுப்பிற்குக் காரணம் கூறப் புகுந்த நச்சினார்க்கினியர், ஆவணியும் புரட்டாசியும் வெப்பமும் தட்பமும் மிகாத திங்கள்கள் என்றும், வினைமுற்றி மீளும் தலைவனுடன் வரும் ஏவலிளையோர்க்கு அக்காலத்தில் நீரும் நிழலும் கிடைக்கும் என்றும் உரைத்தார். மாலைப் பொழுதின் சிறப்பைக் கூறுமிடத்து, புல் மேய்ந்த ஆக்கள் கன்றை நினைந்து மன்று புகுதலையும் எடுத்துக் காட்டினார். ஆயின் நீரையும் நிழலையும் இளையோர்க்கு உரியனவாகக் கூறிய அவர், அவற்றை ஆநிரையோடு இயைத்துக் கூறவில்லை. பாசறையினின்று மீளும் ஆடவர் சிலரினும், அந்நிலத்தில் நாள்தோறும் வெயிலில் நிற்கும் ஆநிரைக்கன்றோ நீரும் நிழலும் முதன்மையாக வேண்டுவன? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முல்லையின் பொழுது வகுப்புக் காதல் ஒழுக்கத்தை மட்டும் நோக்கி எழுந்ததன்று. கறவையின் உடல் வெயிலைத் தாங்கும் எல்லையை அறிந்த மக்களின் அன்றாட நடைமுறையும் அதனுள் அமைந்துள்ளது என்பது எம் துணிபு. அதனை நிறுவுதற்குச் சென்னையின் மேற்குப் புறத்தை, அஃதாவது அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியை, யாம் களமாகக் கொள்கின்றோம். தொண்டை நாட்டின் இப்பகுதியில் மலை இல்லை, பெருங்காடும் இல்லை. ஏரிகளும் மேட்டு நிலங்களும் தோப்புகளும் மாறி மாறி அமைந்த சமவெளி இது. கடல் அண்மையில் உள்ளமையால் காற்றில் ஈரம் மிகுதி. வெயிலும் ஈரமும் ஒருங்கு சேரும் இடத்தில் கறவை மாட்டைக் காத்தல் எளிதன்று. ஆதலின் பழைய முறை எத்தகையது என்பதை உரைத்துப் பார்த்தற்கு இப்பகுதி தக்கது.

முதற்கண் ஊர்ப்பெயர்களை நோக்குவோம். அம்பத்தூரின் கிழக்கெல்லையில் பாடி என்னும் ஊர் உள்ளது. ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இதுவே. முல்லை நிலத்து ஊருக்குப் பாடி என்பது பெயர் என இலக்கண நூலாரும் உரையாசிரியரும் கூறுவர். கண்ணன் வளர்ந்த ஊரை ஆயர்பாடி என்றே தமிழ் வழங்குகிறது. எனினும் பாடி என்பதற்குப் படை தங்கும் இடம் என்ற பொருளும் உண்டு. ஆதலின் ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் கொண்டு இஃது இடையர் இருக்கை என்று முடிவு கட்டுதல் கூடாது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயிலின் பெயரும் இத்தகையதே. தொண்டைமானின் யானை முல்லைக் கொடியிற் சிக்கிய வரலாற்றைத் தலபுராணம் கூறும். சுந்தரர் பதிகத்திலும் தொண்டைமான் செய்தி உண்டு. ஈண்டு முல்லை என்பது கொடியேயன்றித் திணையன்று. ஆயினும் அக்கொடி தழைக்கும் மண்ணே திணைக்கும் பெயர் தந்தது என்பதை மறத்தலாகாது. ஆவடி என்னும் பெயரை ஆங்கில முதலெழுத்துகளின் தொகுப்பாகக் கூறுவோர் இன்றும் உளர். படைத்துறை நிறுவனங்கள் அங்கு எழுந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். ஊர்ப்பெயர் அதற்கு முற்பட்டது. ஆகவே அக்கூற்று ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஆ என்பதும் அடி என்பதும் வகர உடம்படுமெய் பெற்றுப் புணர்ந்தது எனக் கொள்ளப் புணரியல் இடந்தரும். ஆயின் புணர்ச்சி இடந்தருவது வேறு. வரலாறு அதுவாதல் வேறு.

பெயர்களினும் உறுதியான சான்று நிலவகைகளில் உள்ளது. நம் ஊர்க்கணக்குகளில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு என மூவேறு வகைகள் காணப்படும். மேய்க்கால் என்பது புல் மேயும் நிலம். மந்தைவெளி என்பது ஊர் மாடுகள் மேய்ச்சலுக்குப் புறப்படுமுன்னும் மீண்ட பின்னும் கூடி நிற்கும் இடம். மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளி இன்று முழு நகரமாகி விட்டபோதிலும் பெயரளவில் அப்பழமையைத் தாங்கி நிற்கிறது. மாடு மேயும் இடமும் நிற்கும் இடமும் நிழலுள்ள இடமும் வெவ்வேறாக வகுக்கப் பெற்றமை எண்ணத்தக்கது. ஒரு நாளின் வெவ்வேறு பொழுதுகளுக்கு வெவ்வேறு நிலம் வேண்டும் என்ற அறிவின்றி இவ்வகைமை எழாது.

இனி இலக்கியத்துட் புகுவோம். இந்நாட்டைப் பற்றியே எழுந்த பாட்டு பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில் ஆய்மகளின் ஒரு நாள் வாழ்வு தெளிவாக வரையப்பட்டுள்ளது. இருள் நீங்கிப் பறவைகள் எழும் விடியற்பொழுதில் அவள் தயிர் கடைகிறாள். மோரை விற்று வருகிறாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையையும் நல்ல பசுவையும் நாகினையும் பெறுகிறாள். பொருளியல் நோக்குடையார் இப்பகுதியைப் பண்டமாற்றுக்குச் சான்றாகப் பலமுறை காட்டியுள்ளனர். அவள் வேலை தொடங்கும் நேரம் அத்துணைக் கருதப்படவில்லை. வெயில் ஏறிய பின் கடைந்தால் வெண்ணெய் இளகித் திரளாது என்பது இன்றும் நம் மகளிர் அறிந்த செய்தி. பாலையும் மாட்டையும் ஒருங்கே வெயிலினின்று காக்கும் கால ஒழுங்கு அவள் கைவேலையிலேயே தொடங்கிவிடுகிறது.

இக்கால ஒழுங்கிற்கு மிகச் சிறந்த சான்றாக யாம் கருதுவது ஒரு சொல். அது திருப்பாவையின் எட்டாம் பாசுரத்தில் வரும் 'சிறுவீடு' என்பது. கீழ்வானம் வெளுத்தது, எருமைகள் சிறுவீட்டிற்காகப் பரந்தன என்று விடியலுக்கு அடையாளம் கூறுகிறார் ஆண்டாள். வீடு என்பது ஈண்டு விடுதல் என்னும் தொழிற்பெயர்; இல்லம் அன்று. கறத்தற்கு முன், வைகறையில், பனி படிந்த புல்லைச் சிறிது பொழுது மேயும்படி மாடுகளை அவிழ்த்துவிடுதலைச் சிறுவீடு என உரைகாரர் விளக்குவர். பகலில் நெடும்பொழுது மேய விடுவது ஒன்று உண்டு. அதனினும் குறுகியது இது என்பது 'சிறு' என்னும் அடையாற் பெறப்படும். இதற்கெனத் தனிப்பெயர் ஒன்று ஆயர் வழக்கில் நிலைத்திருந்தது என்றால், அது யாரோ ஒருவர் ஒரு நாள் செய்த செயல் அன்று, தொழில்முறை.

இதற்குத் தடை கூறுவார் இருக்கலாம். திருப்பாவை மார்கழி நோன்பைப் பாடுவது. மார்கழியில் வெயில் ஏது? வைகறை மேய்ச்சல் பசி தீர்த்தற்கேயன்றி வெப்பம் தவிர்த்தற்கன்று எனலாமன்றோ? தடை வலியுடையதே. ஆயின் பாட்டு மார்கழியிற் பிறந்தது என்பதனால் வழக்கம் மார்கழிக்கு மட்டும் உரியதாகாது. விடியலுக்கு அடையாளமாகக் கூறப்படுவது ஆண்டு முழுதும் நிகழ்வதாயிருந்தால்தான் அடையாளமாகும். மேலும் ஆண்டாள் ஈண்டுப் பசுவைக் கூறாது எருமையைக் கூறியதும் காரணமின்றி அமைந்ததாக எமக்குத் தோன்றவில்லை. கறுத்த தடித்த தோலும், பசுவினும் மிகக் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய எருமை நேர் வெயிலைச் சிறிதும் தாங்காது. பகல் மேய்ச்சல் அதற்கு எளிதாக வாய்ப்பதன்று. எனவே குளிர்ந்த பொழுதின் புல் எருமைக்கே முதலில் உரியது. அகநானூற்று 46ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் எருமையையும் இதனோடு வைத்து நோக்குக. சேற்றில் நிற்றலை வெறுத்த அவ்வெருமை ஊர் உறங்கும் இரவில் கயிற்றை அறுத்து, வேலியை நீக்கி, நீர்நிலையுட் புகுந்து தாமரையை மேய்கிறது. பரத்தமையைக் குறிக்கும் உள்ளுறையாக உரையாசிரியர் இதனை விளக்குவர், அது பொருந்தும். ஆயின் உள்ளுறைக்கு அடித்தளமான கருப்பொருள் உண்மையாக நிகழ்வதாயிருத்தல் வேண்டும். இரவில் மேய்தலும் நீரை நாடுதலும் எருமையின் இயல்பு. கலித்தொகை ஆயருள் பசுவை மேய்ப்போரையும் ஆட்டை மேய்ப்போரையும் எருமையை மேய்ப்போரையும் கோவினத்தார், புல்லினத்தார், கோட்டினத்தார் என வேறுபிரித்துக் கூறுதற்கும் இவ்வியல்பு வேறுபாடு ஒரு காரணமாகலாம். ஒரே வெயிலில் மூன்று இனத்தையும் ஒருங்கே ஓட்டிச் செல்ல இயலாது.

விடியலும் மாலையும் இவ்வாறு அமைய, இடையிலுள்ள நண்பகலை முல்லைக்குரிய ஆநிரை எவ்வாறு கழித்தது? தொல்காப்பியர் நண்பகலைப் பாலைக்கு உரியதாக்கினார். முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து நல்லியல்பு இழக்குங்கால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதும் அறிஞர் அறிந்ததே. இதனை ஆண்டுக் கணக்கில் மட்டும் கொள்ள வேண்டுவதில்லை. சித்திரை வைகாசியில் தொண்டை நாட்டு மேய்க்கால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளும் நண்பகலில் பாலையாகி மாலையில் மீண்டும் முல்லையாகிறது. அந்த இடைப்பொழுதைக் கடத்தற்கு மரநிழல் ஒன்றே வழி. குறுந்தொகை 363ஆம் பாட்டில், வெயிலால் வெம்பிய காட்டு ஏறு உகாய் மரத்தின் வரிவரியான நிழலில் தங்குகிறது. அங்கு மேய்ப்பவன் இல்லை. விலங்கே நிழலைத் தேர்ந்துகொள்கிறது. மேய்ப்பவன் கற்றது அவ்விலங்கிடமிருந்தே எனலாம். வெயில் மாட்டைச் சுடுவது போலவே மாட்டின் பின் செல்பவனையும் சுடும். குடையும் செருப்பும் கொடாமல் மகனைக் கன்றின் பின் அனுப்பி விட்டேனே என்று யசோதை நிலையில் நின்று பெரியாழ்வார் வருந்துவது தாயன்பின் வெளிப்பாடு மட்டுமன்று, மேய்ப்புத் தொழிலின் உண்மையும் ஆகும்.

நிழலுக்கு அடுத்தது நீர். ஆவுடைய கொங்கர் கற்பாறையைக் கணிச்சியால் உடைத்துக் கூவல் தோண்டி, பத்தலில் நீர் நிரப்பித் தம் நிரைகளுக்கு ஊட்டியதைப் பதிற்றுப்பத்தும் அகநானூறும் கூறுகின்றன. தொண்டை நாட்டில் அவ்வருமை இல்லை. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த நாடு இது. கோடையில் நீர் வற்ற வற்ற ஏரியின் உள்வாயில் ஈரம் காயாத பசும்புல் எழும், கரையில் மரநிழல், நடுவில் எஞ்சிய நீர். மேய்ச்சலும் நிழலும் நீரும் ஓரிடத்தில் அமைதலின் மாடு வெயிலில் நெடுந்தொலைவு நடக்க வேண்டுவதில்லை. நடத்தலே உடலில் வெம்மையை மிகுவிக்கும் என்பதால் இது சிறிய நன்மையன்று. நூல்கள் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டு அறங்களுள் பசுவுக்கு வாயுறை கொடுத்தல், சோலை வளர்த்தல், தடாகம் எடுத்தல், ஆவுரிஞ்சு கல் நாட்டுதல் ஆகியன இடம்பெற்றுள்ளன. ஆதீண்டு குற்றி எனவும் வழங்கும் அக்கல்லை நீர்நிலையின் அருகே நாட்டுவது மரபு. நீர் குடித்துக் கரையேறிய மாடு உடலைத் தேய்த்துக்கொள்ள அது பயன்பட்டது. தனித்தனி அறங்களாக எண்ணப்படும் இவற்றை ஒருசேர நோக்கினால், நண்பகலில் ஒரு மந்தைக்கு வேண்டுவன யாவும் அப்பட்டியலில் அடங்கியிருத்தல் புலப்படும்.

இனிக் கல்வெட்டுச் சான்று. இதனை யாம் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம், ஏனெனில் வெயிலால் வரும் இழப்பு யாரைச் சார்ந்தது என்னும் வினாவிற்கு இலக்கியம் விடை தராது, கல்வெட்டே தரும். பல்லவர் சோழர் காலத்துக் கோயில்களில் நொந்தாவிளக்கு எரித்தற்கு ஆடும் மாடும் கொடையாக வழங்கப்பட்டன. ஒரு விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகள், பசுவாயின் 32 என்பது பெருவழக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டான். அவ்வுயிர்கள் 'சாவா மூவா' எனக் குறிக்கப்பட்டன. ஆடு சாகாது, மூப்படையாது என்பது இதன் பொருளன்று. செத்ததும் மூத்ததும் மன்றாடியின் கணக்கில் கழியாது. ஈன்றவற்றைக் கொண்டு அவனே எண்ணிக்கையை நிரப்புதல் வேண்டும் என்பதே கருத்து.

இவ்வுடன்படிக்கையின் கடுமையை உணர்தல் வேண்டும். தைத் திங்களிலும் அதே உழக்கு. வைகாசியிலும் அதே உழக்கு. கோடையில் பால் குறையும். பாலிலுள்ள கொழுப்பும் குறையும். ஆகவே நெய் இருமடங்கு குறையும். விளக்கின் சுடரோ குறைதல் ஆகாது. எனவே மந்தையை வெயிலிற் காய விட்ட மன்றாடி தன் கைந்நெய்யைத் தந்தே கடன் தீர்த்திருத்தல் வேண்டும். வெயில் காத்தல் அவனுக்கு அருளுடைமை மட்டுமன்று, பிழைப்பு. கொடையாளியின் புகழைக் கல்வெட்டு முதலிற் கூறுகிறது. சந்திராதித்தவற் விளக்கெரிந்தது அவர் பொன்னால் என்று நாம் படித்துவிடுகிறோம். அச்சுடர் கோடையில் அணையாதிருந்தது நண்பகலில் மந்தையை மரத்தடியில் மறித்து நின்றவனால். அவன் பெயரும் பல கல்வெட்டுகளில் உண்டு. ஆராய்ச்சியாளர் அதனை எடுத்தெழுதுவது அரிது.

இதுகாறும் கூறியவற்றை இன்றைய கால்நடை அறிவியலோடு ஒப்பிட்டு நோக்குவோம். பசுவின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 செல்சியசு அளவை. அதன் முதல் இரைப்பையில் தீனி நொதிக்கும்போது மிகுந்த வெம்மை எழுகிறது. பால் சுரத்தலும் வெம்மையை உண்டாக்கும். மிகுதியாகக் கறக்கும் பசு மிகுதியான வெம்மையைத் தன்னுள்ளேயே பிறப்பிக்கிறது. இவ்வெம்மை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறல் வேண்டும். சூழ்ந்துள்ள காற்று உடலளவு வெம்மையுற்றால், வியர்வையும் மூச்சின் ஈரமும் ஆவியாதல் ஒன்றே வழி. கடற்காற்றில் முன்னரே ஈரம் நிறைந்திருப்பின் அவ்வழியும் பாதி அடைபடும். அப்போது மாடு வாய் திறந்து இரைக்கும், தீனியைக் குறைக்கும், அசைபோடுதல் தளரும், பால் வற்றும், சினை பிடியாது.

வெப்பத்தையும் ஈரத்தையும் இணைத்து ஒரு குறியெண்ணாகக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அவ்வெண் 72ஐக் கடந்தால் கறவைப் பசு இடர்ப்படத் தொடங்கும் என்பர். மிகுதியாகக் கறக்கும் பசுவிற்கு 68 என்றே எல்லை கூறுவாரும் உளர். சென்னையின் தட்பவெப்பத்தை இதிற் பொருத்திப் பார்த்தோம். வைகாசி நண்பகலில் வெப்பம் 37 அளவையும் ஈரம் நூற்றுக்கு 50உம் எனக் கொண்டால் குறியெண் 87 ஆகிறது. அத்திங்களின் இரவில், வெப்பம் 28, ஈரம் 75 எனக் கொள்ளினும் 79க்குக் குறையவில்லை. தை மாதத்துப் பகலில், வெப்பம் 29, ஈரம் 65 என்னும் நிலையிலும் அவ்வெண் 79. தை மாத வைகறையில், 21 அளவை வெப்பமும் 85 ஈரமும் உள்ளபோதுதான் அது 69 ஆகி எல்லைக்குக் கீழே வருகிறது. ஆகவே இப்பகுதியில், ஆண்டின் மிகக் குளிர்ந்த திங்களிலும் கறவை மாட்டிற்குத் துன்பமற்ற பொழுது பின்னிரவும் வைகறையுமே. மார்கழியில் வெயில் ஏது என்ற தடைக்கு இவ்வெண்கள் விடையாகும். திருவில்லிபுத்தூர் கடற்கரை ஊரன்று என்பதும் அதன் தட்பவெப்பம் வேறு என்பதும் உண்மை. ஆயினும் சிறுவீடு என்னும் வழக்கம் தமிழகத்துச் சமவெளியின் இயல்போடு எத்துணைப் பொருந்துகிறது என்பதை இவை காட்டுகின்றன.

தீனி உண்ட சில மணி நேரம் கழித்தே இரைப்பையின் வெம்மை உச்சத்தை அடையும். ஆதலின் முற்பகலில் வயிறு நிறைய மேய்ந்த மாட்டிற்கு உள்வெம்மையும் புறவெயிலும் நண்பகலில் ஒன்றாகக் கூடும். வைகறையில் மேய்ந்த மாட்டிற்கோ வெயில் ஏறுமுன் உள்வெம்மை தணியத் தொடங்கிவிடும். கோடையில் தீனியை விடியலிலும் அந்தியிலும் இரவிலும் கொடுக்குமாறு கால்நடை மருத்துவர் இன்று அறிவுறுத்துவதன் காரணம் இதுவே. மரநிழலைப் பற்றியும் ஒரு சொல். கதிரவனிடமிருந்தும் வெந்த நிலத்திலிருந்தும் மாட்டின் மேற்படும் வெம்மையில் நூற்றுக்கு 30க்குக் குறையாத பங்கை நல்ல நிழல் தடுக்கும் என்பர். தகரக் கூரையும் நிழல்தான். ஆனால் தகரம் தான் சூடேறித் தன் அடியில் நிற்கும் மாட்டின்மேல் வெம்மையை வீசும். இலை நீரை ஆவியாக்குவதால் தான் சூடேறாமல் நிழல் தருகிறது. புளியும் வேம்பும் ஆலும் அரசும் நிற்கும் தோப்பைத் தனிப் புறம்போக்காக வகுத்த ஊரார், ஆவியாதல் என்ற சொல்லை அறியாதிருக்கலாம். அதன் பயனை அறிந்திருந்தனர்.

இம்முறை எப்போது, எவ்வாறு சிதைந்தது? செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கும்பினியார் 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்றனர். பின்னர் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் அந்நிலப்பரப்பை அளந்தார். நன்செய், புன்செய் மட்டுமன்றி ஏரி, தோப்பு, காடு, தரிசு என வரி தராத நிலமும் அவ்வளவையில் இடம்பெற்றது. பின்வந்த ஆட்சிமுறையில் வரி தரும் நிலமே நிலமாகவும் பிற யாவும் புறம்பானவையாகவும் கருதப்படலாயின. புறம்போக்கு என்ற சொல்லே இக்காலத்து வழக்கில் இழிபொருள் பெற்றுவிட்டதைக் காண்க. பயனற்றவனைத் திட்டுதற்கு அச்சொல்லை வழங்குகிறோம்; ஊரின் மாடுகள் உயிர் பிழைத்தது அந்நிலத்தில்.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை இருப்புப்பாதை இவ்வூர்கள் வழியே சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடியில் படைக்கிடங்குகள் எழுந்தன. 1955 சனவரியில் காங்கிரசுப் பேரவை அங்கே கூடியது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அமைந்தன. மேய்ச்சல் மேடுகள் ஆலைகளாயின. ஏரி உள்வாய்கள் மனைகளாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. இவற்றை யாம் குறையாகக் கூறவில்லை. ஆலைகள் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தன. ஆயின் மந்தைக்குரிய நண்பகல் நிலம் எங்கே போயிற்று என்பதை யாரும் கணக்கிடவில்லை.

பால் வழங்கும் முறையும் உடன் மாறியது. நகரத்துள் கட்டிய மாடுகளை வெளியேற்றி வைத்தற்பொருட்டு மாதவரத்தில் பால் குடியிருப்பு அமைக்கப்பட்டது. 1958இல் பால்வளத் துறையும், 1972இல் பால்வள வளர்ச்சிக் கழகமும், 1981இல் கூட்டுறவு இணையமும் தோன்றின. இன்று அம்பத்தூர்ப் பால்பண்ணை என்றால் மாடு நிற்கும் இடம் என்று எவரும் பொருள்கொள்வதில்லை. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வரும் பாலைக் காய்ச்சிக் குளிர்வித்து உறையிலிடும் ஆலை அது. பாலை 4 அளவைக்குக் குளிர்விக்கப் பொறிகள் பல உள. அப்பாலைத் தந்த பசு நின்ற கொட்டிலின் கூரை பெரும்பாலும் கல்நார்த் தகடு.

பசுவும் பழைய பசுவன்று. சமவெளிக்குச் சர்சி இனக் கலப்பும் மலைப்பகுதிக்குப் பிரீசியன் இனக் கலப்பும் ஏற்றவை என்பது தமிழகத்தில் பின்பற்றப்பட்ட கொள்கை. பால் பெருகியது என்பதில் ஐயமில்லை. பெருகிய பாலினால் எளிய குடும்பங்கள் பல உயர்ந்தன. ஆயின் திமிலும் தொங்கும் அலைதாடியும் மிகுந்த வியர்வைச் சுரப்பிகளும் குறைந்த உள்வெம்மையும் உடைய நாட்டுப் பசுவிற்கு அமைந்த நிழல் முறை, குளிர்நாட்டுக் குருதி கலந்த பசுவிற்குப் பன்மடங்கு வேண்டுவதாயிற்று. வேண்டுவது பன்மடங்கான அதே ஐம்பது ஆண்டுகளில்தான் நிழல் பெரும்பாலும் அழிந்தது. அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும் நண்பகலில் மேம்பாலத்தின் அடியிலும் கடைகளின் முன் தாழ்வாரத்திலும் மாடுகள் ஒதுங்கி நிற்பதைக் காண்கின்றோம். போக்குவரத்திற்கு இடையூறு என்று அவற்றைப் பிடித்துப் பட்டியில் அடைக்கின்றனர். பாலத்தின் நிழலை அம்மாடு தேர்ந்துகொண்டது குறுந்தொகை ஏறு உகாய் நிழலைத் தேர்ந்துகொண்டது போன்றதே.

இந்நிலையில் கொட்டிலில் மாடு வைத்திருப்போர்க்கு இன்று கூறப்படும் வழிகள் சில. கூரையைத் தகரத்தால் வேயாது கீற்றால் வேய்தல், அல்லது தகரத்தின்மேல் கீற்றைப் பரப்பி நனைத்தல். பத்து லிட்டர் பால் தரும் பசு கோடை நாளொன்றில் 80 லிட்டரும் அதற்கு மேலும் குடிக்குமாதலின் நிழலிலேயே எந்நேரமும் நீர் வைத்தல். மேலே நீர் தெளித்து உடனே விசிறியால் காற்று வீசச் செய்தல். இவற்றுள் இறுதியானதில் விழிப்பு வேண்டும். ஈரக்காற்று நிறைந்த இப்பகுதியில் காற்றோட்டமின்றி நீரை மட்டும் தெளித்தால் கொட்டிலின் ஈரம் மேலும் மிகுந்து மாடு இன்னும் இரைக்கும். வறண்ட கொங்கு நாட்டிற்குப் பொருந்துவது கடல்சார்ந்த தொண்டை நாட்டிற்கு அப்படியே பொருந்தாது. திணைக்குத் திணை பொழுது வேறு, தொழில் வேறு என்று வகுத்தவர் வழிவந்த நமக்கு இது புதிய பாடமன்று.

தமிழ்த்துறையார்க்கு இதிற் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. சிறுவீடு என்னும் சொல் ஒரு பாசுரத்தில் அமைந்தமையால் நமக்குக் கிடைத்தது. உரைகாரர் அதனை விளக்கியமையால் பொருளும் கிடைத்தது. நண்பகலில் மந்தையை நிழலில் நிறுத்துதலுக்கும், ஏரி உள்வாய் மேய்ச்சலுக்கும், எருமையை நீரில் இறக்கி ஏற்றும் முறைக்கும் ஆயர் வழக்கில் தனிச்சொற்கள் இருந்திருத்தல் வேண்டும். திருநின்றவூர், பட்டாபிராம், திருமழிசைப் பக்கங்களில் மாடு மேய்த்து முதுமையுற்றோர் சிலர் இன்னும் உளர். முதுகலை மாணவர் ஆய்வேட்டிற்குப் பொருள் தேடி வரும்போது, முல்லைப் பாட்டுகளின் உவமைகளை மீண்டும் ஒருமுறை எண்ணித் தொகுத்தற்கு மாறாக, அம்முதியோரிடம் சென்று, கோடையில் உச்சிவேளைக்கு மாட்டை எங்கே மடக்குவீர், அதனை என்ன சொல்லால் கூறுவீர் என்று கேட்டு எழுதி வருமாறு யாம் சொல்லி வருகிறோம்.